கோவெண்டர் என்ற பெயரை வைத்து ஊரைக் கண்டுபிடிக்க முடியுமா?

உங்கள் அலுவலகத் தோழி தென்னாப்பிரிக்காவின் டர்பனில் பிறந்து வளர்ந்தவர். குடும்பப் பெயர் கோவெண்டர். அது கவுண்டர் என்பதன் திரிபு என்று அவர்கள் வீட்டில் சொல்கிறார்கள். கொள்ளுத்தாத்தா பெயர் முனுசாமி, மெட்ராஸிலிருந்து கப்பலேறியவர், அதற்கு மேல் யாருக்கும் எதுவும் தெரியாது. கவுண்டர் என்பதால் கோயம்புத்தூர், ஈரோடு பக்கம் விசாரித்தால் ஊரும் சொந்தமும் கிடைக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். இதற்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. அந்தப் பெயர் எங்கிருந்து வந்தது என்பது ஒன்று, அந்த மனிதர் எங்கிருந்து போனார் என்பது இன்னொன்று. முதலாவது தெரிந்தால் இரண்டாவது தானாகத் தெரிந்துவிடும் என்று நினைக்கத் தோன்றும். நானும் ஆரம்பத்தில் அப்படித்தான் நினைத்தேன். அது தவறு.

நான் வருவாய்த்துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். பணிக்காலத்தில் பெரும்பகுதி பழைய வட ஆர்க்காடு மாவட்டத்தில் கழிந்தது. டர்பனிலிருந்து வந்த ஒரு குடும்பம் நகலெடுத்த ஒரு தாளை நீட்டி, இதில் எழுதியிருக்கும் ஊர் எங்கே இருக்கிறது என்று கேட்டதிலிருந்து இந்த வேலை என்னைப் பிடித்துக்கொண்டது. பதினைந்து வருடமாகத் தெரிந்தவர், தெரியாதவர் எல்லோருக்கும் பார்த்துக் கொடுக்கிறேன். ஒன்றைச் சொல்லிவிட வேண்டும்: டர்பன் ஆவணக் காப்பகத்துக்கு நான் நேரில் போனதில்லை. அங்கிருந்து குடும்பங்கள் கொண்டுவரும் நகல்களைப் படித்துத் தெரிந்துகொண்டதுதான் அந்தப் பக்கத்து விஷயம். இந்தப் பக்கத்துத் தாலுகா, கிராமம், பதிவேடு பற்றிச் சொல்வது மட்டும் என் கைப்பழக்கத்தில் வந்தது.

சரி, பெயர். கோவெண்டர் கவுண்டரிலிருந்து வந்தது என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. கவுண்டர் என்று வாய்விட்டுச் சொன்னால் நடுவில் ஒரு வகரம் கேட்கிறதல்லவா, அதை ஆங்கில எழுத்தில் பிடிக்கப் போய்தான் இந்த உருவம் வந்திருக்க வேண்டும். அங்கேயே கவுண்டன் என்ற உருவத்திலும் குடும்பங்கள் இருக்கின்றன. முதலியார் மூட்லி ஆனது, ஆசாரி ஆர்ச்சரி ஆனது, தேவர் தாவர் ஆனது, நாயுடுவும் பிள்ளையும் அதிகம் மாறாமல் நின்றன. ஆனால் ஒரு எச்சரிக்கை. கோவிந்தன் என்ற ஆள் பெயரும் அங்கே கோவிந்தென் என்று குடும்பப் பெயராகியிருக்கிறது. கையெழுத்துப் பதிவேட்டில் கோவெண்டரும் கோவிந்தெனும் அடுத்தடுத்து வந்தால் எது எதுவென்று தெரியாமல் போகும். தோழியின் தாத்தா காலத்துச் சான்றிதழில் எழுத்துகள் எப்படி இருக்கின்றன என்பதை முதலில் பார்க்கச் சொல்லுங்கள்.

இனி, கவுண்டர் என்றால் கொங்கு நாடு என்ற கணக்கு. இது இன்றைய செய்தித்தாளும் அரசியலும் நம் மனதில் பதித்த கணக்கு. வட ஆர்க்காட்டிலும் சேலம், தருமபுரி பக்கமும் வன்னியர்கள் கவுண்டர் என்றே போட்டுக்கொள்வார்கள். அதே சமூகம் கடலூர்ப் பக்கம் படையாட்சி, செங்கல்பட்டுப் பக்கம் நாயக்கர். ஜவ்வாது மலையிலும் ஏலகிரியிலும் கல்வராயன் மலையிலும் இருக்கும் மலையாளி என்ற பழங்குடியினரும் (கேரளத்தவர் அல்ல) கவுண்டர்தான். வேட்டுவக் கவுண்டர், குரும்பக் கவுண்டர் என்று இன்னும் இருக்கிறார்கள். டர்பன் இருக்கும் பகுதிக்கு அன்று நேட்டால் என்று பெயர், ஆங்கிலேயரின் காலனி. அங்கே ஆள் போன வட்டாரங்களில் வட ஆர்க்காடு, தென் ஆர்க்காடு இரண்டும் முன்னால் நிற்பவை. அதனால் கோவெண்டர் என்ற பெயரைக் கண்டதும் கோயம்புத்தூருக்கு பஸ் ஏறுவதைவிடத் திருவண்ணாமலைக்கு ஏறுவது நல்லது என்று சொல்வேன். ஆனால் அதுவும் ஊகம்தான், ஆதாரம் இல்லை.

அதற்கும் மேல் ஒரு சிக்கல் உண்டு. கப்பலேறியபோது அந்த மனிதருக்குக் கவுண்டர் என்ற பெயர் இருந்ததா என்பதே தெரியாது. நமக்குக் குடும்பப் பெயர் என்ற வழக்கம் கிடையாது. முன்னால் ஊர், அப்புறம் அப்பா பெயர், அப்புறம் தன் பெயர். தில்லையாடி வள்ளியம்மையை எடுத்துக்கொள்ளுங்கள். ஜோகன்னஸ்பர்கில் பிறந்து 1914-ல் பதினாறு வயதில் இறந்துபோன அந்தப் பெண்ணின் பெயருக்கு முன்னால் பூர்வீக ஊர்தான் நிற்கிறது. நேட்டாலில் பிள்ளையைப் பள்ளியில் சேர்க்கவும் கல்யாணத்தைப் பதியவும் குடும்பப் பெயர் ஒன்று கேட்டபோது, ஒருவர் அப்பா பெயரைச் சொன்னார், ஒருவர் தாத்தா பெயரைச் சொன்னார், ஒருவர் ஜாதிப் பட்டத்தைச் சொன்னார். கூடப் பிறந்தவர்களிலேயே ஒருவர் முனுசாமி, இன்னொருவர் கோவெண்டர் என்று பிரிந்துபோன குடும்பங்களை நான் பார்த்திருக்கிறேன். ஊரில் யாரும் மதிக்காத ஒருவர் அங்கே போய் நாயுடுவாகவும் கவுண்டராகவும் பிள்ளையாகவும் தலை நிமிர்ந்து நின்றதும் உண்டு. அது அவர்கள் எடுத்துக்கொண்ட உரிமை என்றே நான் கருதுகிறேன். ஆனால் தேடுகிறவர் அந்தப் பட்டத்தைப் பிடித்துக்கொண்டு போனால், அது நேட்டாலிலேயே நின்றுவிடும், கடலைத் தாண்டி வராது.

தாண்டி வருவது ஒரு எண். 1860 நவம்பர் 16-ஆம் தேதி ட்ரூரோ என்ற கப்பல் சென்னையிலிருந்து முதல் ஒப்பந்தக் கூலிகளை, அதாவது தோட்டங்களில் சில வருடம் வேலை செய்வதாக ஒப்பந்தம் எழுதிக்கொடுத்துப் போனவர்களை, டர்பனில் இறக்கியது. பத்து நாள் கழித்துக் கல்கத்தாவிலிருந்து பெல்வெடேர் வந்தது. 1866-ல் நின்று, 1874-ல் மறுபடி தொடங்கி, 1911-ல் அடியோடு நிறுத்தும் வரைக்கும் 1,52,184 பேர் போனார்கள். மூன்றில் இரண்டு பங்கு சென்னைத் துறைமுகம் வழியாகப் போனவர்கள். ஒவ்வொருவருக்கும் காலனி எண் என்று ஒரு எண் கொடுத்தார்கள். மனைவிக்குத் தனி எண், கைக்குழந்தைக்கும் தனி எண். அந்த எண்ணுக்கு எதிரே கப்பல் பட்டியலில் பெயர், அப்பா பெயர், வயது, ஜாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உடம்பில் உள்ள மச்சம், தழும்பு வரை எழுதியிருப்பார்கள். எந்தத் தோட்டத்துக்கு அனுப்பினார்கள், திரும்பினாரா, இறந்தாரா என்ற குறிப்பும் பல வரிகளில் உண்டு. நம் வழக்கப்படி பெயருக்கு முன்னால் நிற்க வேண்டிய ஊரை எழுத்தர் தனிக் கட்டத்தில் போட்டுவிட்டார். பெயர் எப்படி மாறினாலும் அந்தக் கட்டம் அப்படியே இருக்கிறது. அதனால் பெயரை விட்டுவிட்டு எண்ணைத் தேடுங்கள் என்பதுதான் என் பதில்.

எண் எங்கே கிடைக்கும்? பழைய இந்தியர்களின் கல்யாண, பிறப்பு, இறப்புப் பதிவுகளில் பெற்றோரின் காலனி எண்ணை எழுதும் வழக்கம் இருந்தது. தோழி தன் அப்பாவிலிருந்து தொடங்கி, தாத்தா, கொள்ளுத்தாத்தா என்று ஒவ்வொரு படியாகச் சான்றிதழ் எடுத்துக்கொண்டே மேலே போக வேண்டும். நடுவில் ஒரு படியைத் தாண்டக் கூடாது. நேட்டாலின் தலைநகராக இருந்த பீட்டர்மாரிட்ஸ்பர்க்கின் காப்பகத்தில் இறந்தவர்களின் சொத்துக் கோப்புகள் இருக்கின்றன. அவற்றில் இருக்கும் மரண அறிவிப்பில் பெற்றோர் பெயர், பிறந்த இடம், பிள்ளைகள் பெயர் எல்லாம் வரும். ஒப்பந்தக் கூலிகளைக் கவனித்த அதிகாரியின் அலுவலகக் கோப்புகளும் அங்கேதான். கப்பல் பட்டியலின் மூலம் டர்பன் காப்பகத்தில் இருக்கிறது. வரலாற்றுப் பேராசிரியர் ஜாய் பிரெயின் அந்தப் பட்டியல்களைக் கணினியில் ஏற்றும் பெரிய வேலையைச் செய்துவைத்தார். டர்பனை ஒட்டிய வெஸ்ட்வில்லில் உள்ள காந்தி-லுதூலி ஆவண மையத்தில் கேட்டால் அதைப் பார்க்கலாம்.

தலைமுறைக் கணக்கில் ஒரு தவறு அடிக்கடி நடக்கிறது. கடைசிக் கப்பல் வந்தது 1911-ல். தோழிக்கு இப்போது முப்பத்தைந்து வயது என்று வைத்துக்கொண்டால், கொள்ளுத்தாத்தா என்று அவர் சொல்பவர் அங்கேயே பிறந்த பிள்ளையாக இருக்கலாம். அப்படியானால் அவருக்கென்று எண் இருக்காது, அவருடைய அப்பா, அம்மாவின் எண்தான் இருக்கும். முனுசாமி என்ற பெயரை மட்டும் வைத்துப் பட்டியலில் தேடினால் ஏராளமான முனுசாமிகள் வருவார்கள். அவர்களில் வயது ஒத்துவருகிறது என்று ஒருவரைத் தேர்ந்தெடுத்துக்கொண்டு ஊருக்கு வந்து நின்றவர்களை எனக்குத் தெரியும். அப்பா பெயர், மனைவியின் எண், வேலை செய்த தோட்டம், இந்த மூன்றில் குறைந்தது இரண்டு ஒத்துப்போகாமல் இவர்தான் என்று சொல்லிவிடாதீர்கள். அப்புறம், அவருடைய வரிக்கு முன்னும் பின்னும் உள்ள வரிகளை விடாமல் படியுங்கள். ஒரே ஊரிலிருந்து கிளம்பியவர்கள் பெரும்பாலும் அடுத்தடுத்த எண்ணில் நிற்பார்கள். அண்ணன், தம்பி, மச்சான் என்று தெரியாமலே இருந்த உறவு அங்கே கிடைத்ததுண்டு. கொள்ளுப்பாட்டிக்கும் ஒரு வரி இருக்கிறது. அவர் வேறு ஜில்லா, வேறு கிராமமாக இருக்கலாம். குடும்பப் பெயரைத் தேடுகிறோம் என்று ஆண் வழியை மட்டும் பார்த்துவிட்டுப் பாட்டியின் ஊரை விட்டுவிடுகிறார்கள். அதுவும் தோழியின் ஊர்தான்.

பட்டியலில் பெயரே இல்லாமலும் போகலாம். சொந்தக் காசில் டிக்கெட் எடுத்துப் போனவர்களும், மொரீஷியஸிலிருந்து நேட்டாலுக்குப் போனவர்களும் இந்தப் பட்டியலில் வரமாட்டார்கள்.

வரி கிடைத்த பிறகுதான் என்னைப் போன்றவர்களுக்கு வேலை. மெட்ராஸ் என்பது கப்பலேறிய இடம், அவ்வளவுதான். அதைச் சொந்த ஊர் என்று எண்ணி நம்பிக்கொண்டிருந்த குடும்பங்கள் நிறைய. ஜில்லா என்ற கட்டத்தில் இருப்பது அன்றைய ஜில்லா என்பதை மறக்கக் கூடாது. வட ஆர்க்காட்டுக்கு அன்று தலைநகரம் சித்தூர். 1911-ல்தான் சித்தூர் தனி மாவட்டமானது. ஆகவே வட ஆர்க்காடு என்று எழுதியிருக்கும் கிராமம் இன்று ஆந்திராவில் இருக்கலாம். திருத்தணி 1960 வரை சித்தூரோடு இருந்து அப்புறம் தமிழகத்துக்கு வந்தது. வட ஆர்க்காடு 1989-ல் வேலூர்ப் பக்கமாகவும் திருவண்ணாமலைப் பக்கமாகவும் பிரிந்தது. 2019-ல் வேலூரிலிருந்து ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் தனியாகப் போயின. தென் ஆர்க்காடு 1993-ல் கடலூர், விழுப்புரம் என்று ஆகி, விழுப்புரத்திலிருந்து 2019-ல் கள்ளக்குறிச்சி பிரிந்தது. சேலம் என்றால் இன்றைய தருமபுரியும் கிருஷ்ணகிரியும் அதற்குள் அடக்கம்.

ஊர்ப் பெயரை எழுத்தர் காதில் விழுந்தபடி எழுதினார். வாண்டிவாஷ் வந்தவாசி, ட்ரினமலி திருவண்ணாமலை, கான்ஜீவரம் காஞ்சிபுரம் என்று பெரிய ஊர்களை எளிதில் சொல்லிவிடலாம். சின்னக் கிராமங்கள்தான் படுத்தும். ழகரம் எப்படி வேண்டுமானாலும் வரும், மேல், கீழ் என்ற முன்னொட்டு விழுந்துபோயிருக்கும், ஊர்ப் பெயரின் கடைசியில் வரும் பாக்கமும் பட்டும் பாடியும் ஒன்றுக்கொன்று மாறியிருக்கும். எழுத்தைக் கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தால் பிடிபடாது. அந்தத் தாலுகாவில் பிறந்த ஒரு பெரியவரிடம் வாய்விட்டுப் படித்துக் காட்டுங்கள், அவர் உடனே சொல்லிவிடுவார். ஒரே பெயரில் இரண்டு மூன்று கிராமங்கள் ஒரு தாலுகாவிலேயே இருக்கும். புதூரும் நல்லூரும் எத்தனை! எழுதியிருப்பது வருவாய் கிராமத்தின் பெயரா, அதற்குள் இருக்கும் குக்கிராமத்தின் பெயரா என்பதும் தெரியாது. இப்படிப்பட்ட இடத்தில் இதுதான் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். இந்த மூன்றில் ஒன்று என்று சொல்லி நிறுத்திக்கொள்வேன். இன்னொன்றும் உண்டு. வீட்டுக்குத் தெரியாமல் ஓடிப்போனவர்கள் பெயரையும் ஊரையும் மாற்றிச் சொல்லியிருக்கலாம். அவர்கள் விஷயத்தில் பதிவேட்டால் உதவ முடியாது.

ஜாதிக் கட்டத்தைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். அங்கே மலபார் என்று இருந்தால் பயப்பட வேண்டாம், அன்றைய ஆங்கிலேயர் தமிழரை அப்படிச் சொன்னார்கள். ஜில்லா கட்டத்தில் மலபார் என்று வந்தால்தான் அது கேரளத்து மலபார். ஜென்ட்டூ என்றால் தெலுங்கர். பள்ளி என்பது வன்னியரைக் குறித்த பழைய சொல். பறையர் என்று எழுதியிருக்கும் வரிகள் ஏராளம். நாங்கள் கவுண்டர் என்று நான்கு தலைமுறையாக நம்பி வந்த குடும்பத்தின் முன் இந்த வரியை வைக்கும்போது வீட்டில் நடக்கும் மௌனத்தை நான் பார்த்திருக்கிறேன். அதனால் தேடத் தொடங்கும் முன்பே தோழியிடம் இதைச் சொல்லிவிடுங்கள். அந்தக் கட்டத்தில் இருப்பது எழுத்தர் கேட்டதும், அவர் புரிந்துகொண்டதும்தான். அதிலும் பிழை இருக்கும். ஆனால் பிடிக்காத வரியை மறைத்துவிட்டுப் பிடித்த வரியை மட்டும் எடுத்துக்கொண்டால் ஊர் தப்பாகிவிடும். கிராமத்துக்குப் போனால் யார் வீடு என்று கேட்டுவிட்டு எந்தத் தெருவுக்கு அனுப்புவது என்று ஊர்க்காரர்கள் முடிவு செய்வது அந்த ஒரு சொல்லை வைத்துத்தான். இது எனக்குப் பிடித்த உண்மை அல்ல, ஆனாலும் உண்மை.

தமிழ்நாட்டுப் பதிவேடுகளில் முன்னோர் பெயர் இருக்குமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். பெரும்பாலும் இருக்காது. நம்மிடம் பழைய காலத்துக்கு இருப்பவை நிலப் பதிவுகள். செட்டில்மென்ட் பதிவேடு, அ-பதிவேடு, சிட்டா, அடங்கல் எல்லாம் நிலம் வைத்திருந்தவர் பெயரைச் சொல்லும். தாது வருடப் பஞ்சத்தில் (1876-78) கஞ்சிக்கு வழியில்லாமல் போனவருக்கு ஏது பட்டா? நிலம் இருந்தும் அடமானத்தில் போன குடும்பமாக இருந்தால் மட்டும் பங்காளி பெயரில் ஏதாவது தட்டுப்படலாம். ஊர் விவரமெல்லாம் மனப்பாடமாக வைத்திருந்த பழைய கிராம அதிகாரிகளான கர்ணம், மணியக்காரர் பதவிகள் 1980-ல் ஒழிந்தன. அவர்கள் வீட்டுப் பரணில் இருந்த கட்டுகளில் பாதி கரையானுக்குப் போய்விட்டது. எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் அரசாணைகளும் மாவட்டப் பதிவுகளும் இருக்கின்றன. ஆனால் ஒரு தனி ஆளைத் தேடி அங்கே உட்கார்ந்தால் மாதங்கள் ஓடும். கிறிஸ்தவக் குடும்பமாக இருந்தால் மட்டும் பங்குக் கோயிலின் ஞானஸ்நானப் பதிவேட்டைப் பார்க்கச் சொல்வேன், அதில் நல்ல வாய்ப்பு உண்டு.

மற்றவர்களுக்குக் குலதெய்வம்தான் மிஞ்சுகிறது. டர்பனில் பல வீடுகளில் வருடத்துக்கு ஒருமுறை வீட்டுச் சாமிக்குப் படையல் போடுகிறார்கள். என்ன சாமி, எந்த மாதம், கோழியா ஆடா, சைவப் படையலா, என்ன சொல்லிக் கும்பிடுகிறார்கள் என்று அந்த வீட்டில் இருப்பதிலேயே வயதான பெண்மணியிடம் கேட்டு எழுதி வாங்குங்கள். கெங்கையம்மன் பூசை என்றால் எனக்குக் குடியாத்தம் பக்கம் நினைவு வரும். அங்கே வைகாசி முதல் நாள் சிரசுத் திருவிழா நடக்கும். பச்சையம்மன், மன்னார்சாமி, அங்காளம்மன், திரௌபதி என்று ஒவ்வொன்றும் ஒரு வட்டாரத்தைக் கொஞ்சம் சுட்டும். தெருக்கூத்து ஆடிய குடும்பம் என்றால் ஆர்க்காட்டுப் பக்கம் இன்னும் வலுக்கும். ஆனால் புரட்டாசி விரதம் இருக்கிறோம், காவடி எடுக்கிறோம் என்பதெல்லாம் அங்கே எல்லோரும் செய்வது, அதிலிருந்து ஊர் தெரியாது. சாமியை மட்டும் வைத்து ஊர் சொல்பவரை நம்பவும் வேண்டாம். கப்பல் பட்டியல் ஒரு தாலுகாவைச் சொல்லி, வீட்டுச் சாமியும் அதே தாலுகாவில் இருந்தால்தான் எனக்குத் துணிச்சல் வரும்.

அப்படித் துணிந்து ஒரு குடும்பத்தை ஒரு கிராமத்துக்கு அழைத்துப் போனேன். வேப்பமரத்தடியில் இருந்த ஒரு பாட்டி, தன் மாமனார் வழியில் ஒருவர் நெட்டாலுக்குப் போய்த் திரும்பவே இல்லை என்று தானாகவே சொன்னார். பெயர் அவருக்குத் தெரியவில்லை. அவர்தான் இவர்கள் தேடியவர் என்று என்னால் உறுதி செய்ய முடியவில்லை, அதை அவர்களிடமே சொன்னேன். அவர்கள் அந்தப் பாட்டியின் கையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார்கள். பெரும்பாலான பயணங்களில் இந்த அளவுகூடக் கிடைக்காது, ஊர் எல்லையும் கோயிலும் ஏரியும்தான் கிடைக்கும். சொந்தம் என்று சொல்லிக்கொண்டு யாராவது உடனே கிளம்பி வந்தால் நிதானமாக இருக்கச் சொல்லுங்கள், பங்காளி வரிசையைச் சொல்லச் சொல்லிக் கேட்ட பிறகு நம்பலாம். மரபணுப் பரிசோதனை இரண்டு பேர் தூரத்துச் சொந்தமா என்று சொல்லும், கிராமத்தைச் சொல்லாது.

இப்போது உங்கள் தோழி செய்ய வேண்டியது, தாத்தாவின் கல்யாணச் சான்றிதழையும் இறப்புச் சான்றிதழையும் எடுப்பது. அதில் எண் இருந்தால் கப்பல் பட்டியலில் அந்த வரியை எழுத்துக்கூட்டல் உட்பட அப்படியே, திருத்தாமல் இங்கே எழுதுங்கள். முன்னால் பத்து வரி, பின்னால் பத்து வரி சேர்த்து எழுதினால் இன்னும் நல்லது. எந்தத் தாலுகா, இன்று எந்த மாவட்டம், பஸ்ஸில் எங்கே இறங்க வேண்டும் என்பது வரை என்னால் முடிந்ததைப் பார்த்துச் சொல்கிறேன்.